கப்பலுக்கு மூச்சு முட்டிய முகூர்த்தம்

பட்டு வேட்டி கட்டிய இரண்டு ஆண்கள் ஒரு சுவிஸ் மாட்டுப் பண்ணையின் வேலியோரம் நிற்கிறார்கள். ஒருவர் தலையில் கல் பதித்த தலைப்பாகை. அவர் மாப்பிள்ளை. மற்றவர் தலையில் மயிரே இல்லை. அவர் பெண்ணின் தகப்பன், அதாவது நான். எங்களுக்குப் பக்கத்தில் வீதியின் பாதியை அடைத்துக்கொண்டு, முன்பக்கத்தால் ஆவி விட்டபடி என் அமெரிக்கக் கார் நிற்கிறது.

கீழே, சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில், தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு மண்டபத்தில் ஐயர் ஓமத்துக்கு ஆயத்தமாகிவிட்டார். நாதஸ்வரக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் கல்யாணம் ஒன்று யார் இல்லாமல் நடந்தாலும் இரண்டு ஆண்கள் இல்லாமல் நடக்காது. ஒருவன் தாலி கட்ட வேண்டியவன், மற்றவன் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன். அந்த இரண்டு பேரையும் ஒரே காரில் ஏற்றி, ஒரே இடத்தில் மாட்டிவைத்த பெருமை ஐரோப்பாவிலேயே எனக்கு மட்டும்தான் உண்டு என்று நினைக்கிறேன்.

நல்ல கோடை வெயில். மாட்டுச் சாணம், மல்லிகைப் பூ, சூடேறிய இரும்பு மூன்றும் கலந்து ஒரு வாசம் வந்தது. சில வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் யாராவது மல்லிகை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால் நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன்.

"மாமா, ஆருக்கும் போன் அடிக்கவோ?" என்று மாப்பிள்ளை கஜன் மெதுவாகக் கேட்டான்.

"பொறும் தம்பி. இது இப்ப சரியாகிடும்."

அது சரியாகாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. அதற்கு இந்தக் கார் எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் என்றா சொன்னேன்? அது எந்த வீட்டுக்குள்ளும் அடங்காது. பிரச்சினையே அதுதான்.

தொப்பி போட்ட சுவிஸ்காரர்கள்

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் துன் நகரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். ஒரு நாள் குப்பைப் பையோடு பின்கதவால் வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஏரிக்கரை வீதியால் பழைய அமெரிக்கக் கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எங்கள் அகதி முகாம் அறையை விட நீளம்.

ஓட்டியவர்கள் எல்லோரும் சுத்தமான சுவிஸ்காரர்கள். தலையில் கௌபோய் படங்களில் வருகிற மாட்டுக்காரத் தொப்பி, காலில் கூர்ச் சப்பாத்து. சிவப்பு விளக்கில் நின்று, பாதசாரிக்கு வழிவிட்டு, விதி பிசகாமல் போனார்கள். அமெரிக்கக் காரை அமெரிக்கர்களை விட நேசிக்கிற ஒரு சனம் இந்த மலைகளுக்குள் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கையில் மரக்கறித் தோல் நிறைந்த பையோடு, வாழ்ந்தால் இப்படி ஒன்றை ஓட்டி வாழ வேண்டும் என்று முடிவெடுத்தேன். அப்போது எனக்குச் சைக்கிள் கூட இல்லை.

பிறகு ஷ்லீரனுக்கு வந்து, தொழிற்சாலை ஒன்றில் பொதி கட்டும் வேலை நிரந்தரமாகி, மனைவி பவானியும் வந்து, மகள் மயூரியும் பிறந்து, புத்தி வந்திருக்க வேண்டிய வயதில்தான் அதை வாங்கினேன். விற்றவர் துன்னுக்குப் பக்கத்தில் பாற்கட்டி செய்கிற ஒரு கிழவர். சாவியைத் தரும்போது தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எங்கே நிறுத்தப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். அதைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை.

செய்த கொம்பனியின் பெயரை எழுத மாட்டேன். இந்தக் கதையில் பிழை முழுக்க என்னுடையது, அவர்களை இழுப்பது நியாயமில்லை. இளநீல உடம்பு, வெள்ளைக் கூரை, நாலு பக்கமும் முகம் பார்க்கக்கூடிய வெள்ளி வேலைப்பாடு. முன் சீற் ஒரே நீளமான சோபா. டிக்கிக்குள் எங்கள் குசினியை அடுப்போடு சேர்த்து வைத்துப் பூட்டலாம்.

பவானி பல்கனியில் நின்று கீழே பார்த்தாள். நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"இதை ஆர் கழுவுறது?" என்றாள்.

அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க வயதானவர்களைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, வாசலிலும் வயதான ஒன்று நிற்பதைக் கண்டால் வேறு என்னதான் கேட்பாள்? பாலர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த மயூரி மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி ஓடி, "கப்பல், கப்பல்" என்று கத்தினாள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

கோயிலில் வாகனப் பூசை செய்த ஐயரும் களைத்துப்போனார். முன் சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் பின் சில்லுகளுக்கு நடந்து போவதற்குள் மந்திரம் முடிந்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

இரண்டு நீல அட்டைகள்

சுவிஸில் நீலக் கோடு போட்ட இடங்களில், வந்த நேரத்தைக் காட்டும் நீல அட்டையொன்றைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டுக் காரை நிறுத்தலாம். ஒரே நிபந்தனை, கார் கோட்டுக்குள் நிற்க வேண்டும். கப்பலின் முன்பாதியை ஒரு கட்டத்துக்குள் நேராக விட்டால், பின்பாதி அடுத்த கட்டத்துக்கு வாடகைக்குப் போய்விடும்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இரண்டு கட்டம் பிடிக்கிறபடியால் இரண்டு அட்டை வைப்பதுதானே நேர்மை? முன் கண்ணாடியில் ஒன்று, பின் கண்ணாடியில் ஒன்று. ஒரு நாள் பொலிஸ்காரர் ஒருவர் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து நடந்து பார்த்தார். பிறகு தன் மணிக்கூட்டை எடுத்து, இரண்டு அட்டைகளும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்துவிட்டுப் போய்விட்டார். இந்த நாடு எனக்குச் செய்த மிகப் பெரிய மரியாதை அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் கப்பலின் மூக்கு எப்போதும் வழிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டடப் பராமரிப்பாளர் ஹெர் ப்ரூனர் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. லொறியில் நீளக் கம்பி ஏற்றிப்போகிறவர்கள் கட்டுகிற மாதிரி, ஒரு சிவப்புத் துணியை அதன் மூக்கில் கட்டிவிட்டுப் போனார். திருஷ்டிக்காகக் கட்டியிருக்கிறார் என்று நினைத்து நான் கன காலம் அதை அவிழ்க்கவில்லை.

தொப்பிக்காரர்களின் கூட்டங்களுக்கும் போனேன். மாட்டுக்காரத் தொப்பியும் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படத்தைப் பவானி அலுமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். விருந்தினர் வரும் நாட்களில் அலுமாரியைப் பூட்டிவிடுவாள்.

எங்கள் ஆட்கள் மத்தியில்தான் கப்பலுக்கு உண்மையான வேலை கிடைத்தது. சூரிச் பக்கத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு என்னைத்தான் கேட்பார்கள். 'மாப்பிள்ளைக் கார் அண்ணை' என்றால் தெரியாதவர் இல்லை. என் சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. எத்தனையோ வீட்டுக் கல்யாண அல்பங்களில் மாப்பிள்ளைக்கு முன்னால் என் வழுக்கையின் பின்பக்கம் பளபளத்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு மாப்பிள்ளையை இறக்கிவிட்ட பிறகும் எனக்கு ஒரே நினைப்புத்தான் வரும். ஒரு நாள் என் மகளும் கல்யாணக் கோலத்தில் இந்தப் பின் சீற்றில் இருந்து போவாள். அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் அதை விற்காமல் வைத்திருந்தேன் என்றால் பவானி நம்பமாட்டாள். பவானி நம்பாதது பரவாயில்லை. மயூரியே அந்தக் காரில் ஏற மறுத்து வருடக்கணக்காகியிருந்தது.

பின் சீற்றில் படுத்த பிள்ளை

கப்பல் கப்பல் என்று ஓடித் திரிந்த பிள்ளை, மேல் வகுப்புக்குப் போனதும் மாறிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது, கடைசித் திருப்பம் வந்ததும் பின் சீற்றில் அப்படியே சரிந்து படுத்துவிடுவாள். வெளியிலிருந்து பார்த்தால் நான் தனியாகப் போகிற மாதிரித்தான் தெரியும். அவளுடைய மானத்தைக் காப்பாற்ற, பள்ளிக்கூடம் வந்ததும் நானும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, அடுத்த சந்தில் கொண்டுபோய் இறக்குவேன்.

ஒருநாள் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பாசத்தில் ஹோர்ன் அடித்துவிட்டேன். கப்பலின் ஹோர்ன் சாதாரண ஹோர்ன் இல்லை. பள்ளிக்கூட மாடி யன்னல் எல்லாவற்றிலும் தலைகள் முளைத்தன. மயூரி என்னோடு கிழமைக்கணக்காகக் கதைக்கவில்லை. இனிமேல் அந்த வட்டாரத்தில் ஹோர்னில் கை வைக்கமாட்டேன் என்று சாமிப் படத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் முகம் கொடுத்தாள்.

பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. காற்று மாசு பற்றி வகுப்பில் பாடம் நடந்திருக்கிறது. ஆசிரியை எங்களைப் பார்த்து முகம் மலர்ந்து, கார் இல்லாமல் சைக்கிளும் ரெயினுமாக வாழ்கிற உங்கள் குடும்பத்தைப் பற்றி மயூரி அழகாகப் பேசினாள், மற்றப் பெற்றோருக்கும் அது முன்மாதிரி என்றார். நானும் பவானியும் தலையைக் குனிந்து நன்றி சொன்னோம். ஆசிரியைக்குப் பின்னால் இருந்த யன்னலுக்குள் கப்பல் முழுதாகக் கூட அடங்கவில்லை, நடுப்பகுதி மட்டும்தான் தெரிந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் போகும்வரை, சுவரில் பிள்ளைகள் கீறி ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாக ரசித்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்கு வந்து அவளை ஏசவில்லை. ஏச எனக்கு என்ன தகுதி இருந்தது? ஆனால் மனம் வலித்தது. ஒரு பிள்ளை தன் தகப்பனுடைய ஆசையை உலகத்துக்கு மறைக்கிறது என்றால், அந்த ஆசையில் கொஞ்சம் தகப்பனும்தானே இருக்கிறான்.

மாலையின் பருமன்

மயூரி படித்தாள், வேலைக்குப் போனாள், மின்சாரத்தில் ஓடுகிற ஒரு சின்னக் கார் வாங்கினாள். பிறகு கஜனைக் கூட்டிவந்தாள். நான் பாத்திரம் கழுவிய அதே துன்னில் பிறந்து வளர்ந்தவன். துன் இருக்கிற பேர்ன் பக்கத்து ஆட்களைப் போலவே ஆறுதலாக, இழுத்து இழுத்துக் கதைப்பான், எதற்கும் பதறமாட்டான். எனக்குப் பிடித்துப்போயிற்று.

சுவிஸ் சட்டப்படி பதிவுத் திருமணம் முதலே முடிந்துவிட்டது. ஒன்றாகக் குடித்தனமும் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் தாலி கட்டும்வரை எங்களுக்கு அது கல்யாணமில்லை என்பதால் மண்டபம் எடுத்தோம்.

தாலி கட்டிய பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதைக் கால்மாறிப் போவது என்போம். துன் தூரமென்பதால், ஷ்லீரனுக்கு மேலே மலைச்சரிவுக் கிராமமொன்றில் இருந்த கஜனுடைய சித்தப்பாவின் ஃப்ளாட்டை மாப்பிள்ளை வீடாக்கினோம். அங்கே கப்பலில் போங்கள் என்றேன். மயூரி மறுத்துவிட்டாள். அது வழியில் நின்றுவிடும் என்றாள். இத்தனை வருடத்தில் அது ஒரு மாப்பிள்ளையையாவது நடுவழியில் விட்டதுண்டா என்று சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் நான் சவால் விட்டேன். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. காலையில் மாப்பிள்ளை கப்பலில் வரட்டும். கால்மாறிப் போவது அவளுடைய சின்னக் காரில்.

மாப்பிள்ளையை அழைத்துவர வேறு ஒருவரை ஓட்ட விடுங்கள், பெண்ணின் தகப்பன் மண்டபத்தில் நிற்க வேண்டும் என்று பவானி தலையால் அடித்துக்கொண்டாள். ஊர் உலகத்து மாப்பிள்ளைகளையெல்லாம் ஏற்றிய நான் என் மருமகனை இன்னொருவனிடம் கொடுப்பேனா?

மாலை கட்டுகிறவரிடமும் அடிக்கடி போனேன். இன்னும் பெரிது, இன்னும் பருமன் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அது மெத்தையாகவே வந்து சேர்ந்தது. பச்சை இலை, செவ்வந்தி, இடைக்கிடை மல்லிகை. கப்பலின் முன்வாய் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை மூடிவிட்டது. நான் தள்ளி நின்று பார்த்து, கண் கலங்கினேன்.

கல்யாணத்தன்று காலையில் சித்தப்பாவின் ஃப்ளாட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கார்களையெல்லாம் முன்னே அனுப்பினேன். வாசலில் காலைக் கழுவ வேண்டிய மாப்பிள்ளைத் தோழனையும் மண்டபத்துக்கு அனுப்பினேன். தலைப்பாகை குலுங்கக் கூடாது என்று நடை வேகத்தில் ஓட்டினேன். பண்ணையடி வளைவு வந்ததும் கப்பல் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

வேலியோரம்

பண்ணைக்காரர் வாளியோடு வந்தார். காரைச் சுற்றி நடந்து, நல்ல வண்டி என்றார். ஏதாவது படம் பிடிக்கிறீர்களா என்று கேட்டார். கல்யாணம், இவர் மாப்பிள்ளை என்றேன். நீ யார் என்றார். பெண்ணின் தகப்பன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, அப்படியானால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

என் போன் பவானியிடம் இருந்தது. பட்டு வேட்டிக்கு ஏது பொக்கற்? கஜன் இடுப்புச் சால்வைக்குள் கையை விட்டுத் தன் போனை எடுத்தான். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை. தள்ளிப் போய் மெதுவாக ஏதோ கதைத்துவிட்டு வந்தான்.

மண்டபத்தில் என்ன நடந்தது என்பதைப் பவானி பிறகு சொன்னாள். யார் போவது, மாமன் முறையா சித்தப்பன் முறையா என்று ஆண்கள் கூடி ஆராய்ச்சி செய்தார்களாம். போகத் தயாரானவர்களின் கார்களும் மற்றக் கார்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தனவாம். அலங்காரத்துக்கென்று முதல் ஆளாக வந்ததால் வெளிவாசலோடு நின்றது மணப்பெண்ணின் கார் மட்டும்தான்.

அந்தச் சின்னக் கார் சத்தமில்லாமல் வளைவால் வந்து நின்றது. நெற்றிச்சுட்டி, மூக்குத்தி, தலைநிறையப் பூ, முழுக் கல்யாணக் கோலத்தில் மயூரி இறங்கினாள். மணவறைக்கு வருமுன் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்று மண்டபத்தில் திரைச்சீலையோடு காத்து நின்ற பவானியை நினைத்தேன். பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

மயூரி கஜனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேரே கப்பலின் முன்னால் போய் நின்று, அந்த மாலையைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"அப்பா, இது மூச்சு விட இடம் விட்டனீங்களோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்று உள்ளே போகிற வாசலை நானே பூவால் அடைத்திருக்கிறேன். இத்தனை காலமும் ஒரு மாப்பிள்ளையையும் நடுவழியில் விடாத காரை, என்னுடைய பெருமை மூச்சு முட்டவைத்துவிட்டது.

"தெரியேல்லை பிள்ளை. வடிவாயிருக்கும் எண்டு நினைச்சன்."

அவள் ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. நானும் அவளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மாலையைக் கழற்றி வேலியில் போட்டோம். காரைப் பண்ணைக்காரரிடம் ஒப்படைத்தோம். சின்னக் காருக்குள் தலைப்பாகை நிற்கவில்லை, கஜன் அதைக் கழற்றி மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டான். பின்னால் நான் முழங்காலை நாடியில் முட்டவைத்தபடி உட்கார்ந்தேன். மணப்பெண் ஓட்டினாள். முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது. தாரை வார்க்கும்போது மயூரியின் கையை நான் கன நேரம் விடாததை எல்லோரும் பாசம் என்று நினைத்தார்கள். பாதி பாசம்தான்.

ஞாயிற்றுக்கிழமை

பந்தி நடக்கும்போது தோழன் என்னைப் பண்ணைக்குக் கொண்டுபோய் விட்டான். கப்பல் மரநிழலில் ஆறி நின்றது. சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமியது. வேலியில் போட்ட மாலையைக் காணவில்லை. ஒரு மாடு மட்டும் என்னைப் பார்த்தபடி மென்றுகொண்டு நின்றது, வாயோரத்தில் ஒரு செவ்வந்தி.

மண்டபத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையாகப் பார்த்து நிறுத்தினேன். அன்றைக்கு அதை ஒளிக்க நினைத்தவன் நான்தான்.

கால்மாறிப் போகிற நேரம். சின்னக் காருக்கு யாரோ ரிப்பன் கட்டியிருந்தார்கள். மயூரி அதைத் தாண்டி நடந்தாள். கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கஜனை இழுத்துக்கொண்டு, மூலைக்கு வந்து கப்பலின் பின் கதவைத் திறந்தாள்.

"இவரின்ரை தலைப்பாகை என்ரை காருக்குள்ளை நிக்காது, அப்பா. இதிலையே போவம். பூ ஒண்டும் வேண்டாம்."

பெண்ணின் தகப்பனே கால்மாறிப் போகிற காரை ஓட்டுகிற வழக்கம் எங்கேயும் இல்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதற்குள் நான் சாவியை எடுத்துவிட்டேன். ஏறி உட்கார்ந்து ஓட்டத் தொடங்கினேன்.

கண்ணாடியில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். அத்தனை வருடமும் நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. அவளுடைய பழைய பள்ளிக்கூடம் அதே வழியில்தான். கடைசித் திருப்பம் திரும்பிவிட்டு, ஆசையோடு மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். கஜன் மட்டும்தான் இருந்தான்.

மகள் கூறைச் சேலையோடும் நெற்றிச்சுட்டியோடும் பின் சீற்றில் சரிந்து படுத்திருந்தாள். உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன, ஏது என்று கேட்கக் குனிந்த கஜனையும் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். சீற்றின் மேல் தலைப்பாகை மட்டும் தனியாக இருந்தது.

வழமையாக அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவேன். அன்று என் கால் தானாகவே குறைத்தது.

"அப்பா," என்றாள், படுத்தபடியே. "ஹோர்ன் அடியுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஷ்லீரனில் அந்த நேரத்தில் வெறும் போத்தலைக் கூடச் சத்தம் வரக் குப்பையில் போடக் கூடாது. பல்கனிகளில் சனம் அமைதியாகக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தின் கடைசி யன்னலைத் தாண்டும்வரை நான் கையை எடுக்கவில்லை.